இரத்தினசிங்கமும் ஆறு மஞ்சாடியும்

வெள்ளவத்தைச் சந்தையில் பத்மாவதி கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நிற்கும் இரத்தினசிங்கம் காற்சட்டையின் இடப்பக்கப் பையிலிருந்து ஒரு மஞ்சாடிக் கொட்டையை எடுத்து வலப்பக்கப் பைக்கு மாற்றுகிறார். தராசில் ஒரு கத்தரிக்காய் விழுந்தால் ஒரு மஞ்சாடி. ஆறும் மாறி முடிந்ததும் வாய்க்குள்ளே "ஓவர்" என்கிறார். பிறகு ஆறையும் பழைய பைக்கே அனுப்பிவிட்டு, வாழைக்காய் கிடக்கும் பக்கமாக இரண்டு அடி நகர்ந்து நிற்கிறார்.

பத்மாவதி அவருடைய வலப்பக்கத்துக்கு வந்து, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்கிறார்.

"இஞ்சேருங்கோ, கத்தரிக்காய் போதுமோ, வாழைக்காயும் எடுக்கட்டோ?"

"உம்மட விருப்பம்."

இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் இரத்தினசிங்கம் அதிகம் பேசியது இந்த இரண்டு சொற்களைத்தான். எந்த வீட்டில் குடியிருப்பது, மகளை எந்தப் பாடம் படிக்கவிடுவது, கனடாவுக்கு விண்ணப்பம் போடுவதா விடுவதா, எல்லாம் பத்மாவதியின் விருப்பம். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் பிரதம லிகிதர். அங்கும் ஒரு கடிதத்துக்கு மூன்று நகல் எழுதிக்கொண்டுபோய் மனேஜரின் மேசையில் வைத்து, எது நல்லதென்று அவரையே கேட்பார். "வீட்டில நான் பன்னிரண்டாவது ஆள். தண்ணி கொண்டுபோய்க் குடுக்க மட்டும் உள்ளுக்கு விடுவினம்" என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டு முதலில் சிரிப்பதும் அவர்தான்.

இப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கிரிக்கெட் நடுவராக நிற்கிறார் என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் நிற்கிறார். பதினொரு பேர் ஒரே குரலில் கத்தினாலும் அசையமாட்டார். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார். அவுட் என்றால் வலதுகைச் சுட்டுவிரல் மெல்ல, மிக மெல்ல, தோளுக்கு மேலே போகும். "சிங்கத்தார் விரல் தூக்கி முடிக்கிறதுக்குள்ள குளிச்சு உடுப்பு மாத்திப்போடலாம்" என்று துடுப்பாட்டக்காரர்கள் முணுமுணுப்பார்கள். விரல் உச்சிக்குப் போன பிறகு வாக்குவாதம் கிடையாது. உலகத்தில் அவருக்கு உண்மையாகச் சந்தோஷம் தரும் இடம் அந்த இருபத்திரண்டு யார் நீள ஆடுகளம்தான்.

கோட்டு மட்டும் கொஞ்சம் பிழையாகிப்போனது. தையற்காரர் அதுவரை மருந்துக்கடைக்காரர்களுக்கே தைத்துப் பழகியவர். அந்தக் கோட்டோடு நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறிய முதல் நாளே ஒரு தாய், பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று அவரிடம் வந்து நின்றாள். காய்ச்சல் எத்தனை டிகிரி என்று இவரும் விசாரித்திருக்கிறார். "பாவம், ஆசையாக் கேட்டவ. இல்லையெண்டு சொல்ல மனம் வரேல்லை."

இந்த ஆசை எப்படி முளைத்தது என்று கேட்டால் பத்மாவதியைத்தான் கைகாட்டுவார். இரண்டு வருடத்துக்கு முன் காலி வீதிக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் 'உன்னை அறிந்தால் உயரலாம்' என்று ஒருநாள் கருத்தரங்கு நடந்தது. புருஷனுக்கு உத்தியோக உயர்வு கிடைக்கட்டும் என்று பத்மாவதி அனுப்பிவைத்தார். பேச்சாளர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். இடப்பக்கத்தில் 'எனக்குப் பிடித்தது', வலப்பக்கத்தில் 'என்னைத் தடுப்பது'. இரத்தினசிங்கத்துக்குப் பள்ளிக்கூட நாள் நினைவு வந்தது. மட்டையும் பிடிக்கத் தெரியாது, பந்தும் போடத் தெரியாது என்பதால் நடுவில் நிற்கவிட்டார்கள். அப்படி நின்ற மூன்று வருடமும் அவர் ராசாவாக இருந்தார். இடப்பக்கத்தில் யோசிக்காமல் 'அம்பயர்' என்று எழுதினார். வலப்பக்கத்தில் 'இடது காது' என்று எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்திருந்து, அதை வெட்டி 'கூச்சம்' என்று எழுதினார். அந்தத் தாள் இன்றைக்கும் அடையாள அட்டையோடும் பொலிஸ் பதிவுத் துண்டோடும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.

காதின் கதை சின்னது. தொண்ணூற்றாறு தை மாதம் கோட்டையில் குண்டு வெடித்தபோது அவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. காது மட்டும் போய்விட்டது. "எங்கட வீட்டில முதன்முதலா வெளிநாடு போனது என்ட இடது காதுதான். போனது போனதுதான், ஒரு கடிதமும் இல்லை. வலது காது அரைச் சம்பளத்துக்கு வேலை செய்யுது." வீட்டுக்குள் இதைச் சொல்லிச் சிரிப்பார். வெளியே மூச்சு விடமாட்டார். பந்து மட்டையின் விளிம்பில் உரசுவதைக் கண்ணைவிடக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். காது இல்லாத நடுவரை யார் வைத்திருப்பார்கள்? அதனால் ஒவ்வொரு பந்துக்கும் தலையை இடப்பக்கமாகத் திருப்பி, வலது காதை முன்னே நீட்டிக்கொண்டு நிற்பார். அது அவருடைய பாணி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இரண்டு இளம் நடுவர்கள் அதைப் பழகவும் தொடங்கிவிட்டார்கள்.

"நான் கூப்பிடுறதே உங்களுக்குக் கேக்காது. பந்து பட்டதோ கேக்கப்போகுது?" என்பார் பத்மாவதி.

"நீர் கூப்பிடுறது கல்கிசையில இருக்கிறவைக்கும் கேக்கும். எனக்கு மட்டும் ஏன் கேக்காமப்போகுது?"

மஞ்சாடிகளால் ஒருமுறை சிக்கலும் வந்தது. காலி வீதிச் சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் பைகளை வெளியே கொட்டச் சொன்னான். சிவப்பாக ஆறு கொட்டை. "மே மொனவத?" என்று துவக்கைச் சற்றே உயர்த்தினான். இது என்ன என்கிறான். "போல கணன் கரன்ன, சேர்" என்றார் இரத்தினசிங்கம், பந்து எண்ணுவதற்கு என்று. சிப்பாயின் முகம் மாறியது. உலகக் கோப்பை வந்து நாடே கிரிக்கெட்டால் பைத்தியம் பிடித்திருந்த காலம். "அம்பயர் மஹத்தயாத?", அம்பயர் ஐயாவோ, என்றவன், அங்கேயே எல்பிடபிள்யூ விதியில் தனக்கிருந்த சந்தேகத்தைக் கேட்டுவிட்டான். அடையாள அட்டையும் கையுமாகப் பின்னால் முப்பது பேர் நிற்க, மணல் மூட்டையை விக்கெட்டாக வைத்து, தன் காலையே குறுக்கே நீட்டி விளக்கினார். அன்றைக்குத் தொடங்கி அந்தச் சாவடியில் அவருக்குச் சலாம்தான்.

அதிகாரபூர்வ நடுவர் பட்டியலில் பெயர் வரவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே இலட்சியம். அதற்குப் பரீட்சை உண்டு. முதல் தடவை, 'இந்தக் கட்டத்தில் உமது தீர்ப்பு என்ன?' என்ற கேள்விக்கு மூன்று விடை எழுதி, கீழே 'தங்கள் விருப்பப்படி' என்று முடித்துக் கோட்டைவிட்டார். இரண்டாம் தடவை, பரீட்சை நாள் காலையில் சுற்றிவளைப்பு. அடையாள அட்டை பார்க்கவென்று கொண்டுபோய் இருத்திய பொலிஸ் நிலைய வாங்கிலேயே பொழுது போனது. மூன்றாம் தடவை எழுத்தில் தேறினார். மிச்சமிருந்தது செய்முறை. ஒரு மூத்த நடுவர் மைதானத்தின் ஓரத்தில் இருந்து பார்த்துப் புள்ளி போடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. நுகேகொடையில் இரண்டு கம்பனிகளுக்கிடையே ஆட்டம். எல்லைக்கோட்டுக்கு வெளியே, கறுப்புக் குடையின் கீழ், மக்கீன் நானா. முப்பது வருடம் நடுவராக நின்றவர். இரத்தினசிங்கம் காலையிலிருந்து ஒரு பிழையும் விடவில்லை. மஞ்சாடிகள் ஒழுங்காகப் பை மாறின. தேநீர் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னே, வேகப்பந்து ஒன்று மட்டையைக் கடந்துபோய் விக்கெட் காப்பாளரின் கைக்குள் விழுந்தது. பதினொரு பேரும் துள்ளினார்கள். இரத்தினசிங்கம் காதை நீட்டித்தான் நின்றார். காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. இல்லையென்று தலையாட்டினார்.

அடுத்த பந்தும் போட்டு முடிந்த பிறகுதான் கண்டார். துடுப்பாட்டக்காரன் குனிந்து, மட்டையின் விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் இவருடைய கண்ணைப் பார்க்கவில்லை.

தேநீரோடு மக்கீன் நானா வந்தார். கையில் புள்ளித்தாள். வாயெல்லாம் சிரிப்பு.

"மாஷா அல்லாஹ், சிங்கம்! அத்தன பேரு கத்தியும் அசையல்லயே நீங்க. அந்தத் தைரியத்துக்கே முழுப் புள்ளி போட்டீக்கேன்."

"அது தைரியமில்லை, நானா." தேநீரைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தார். "எனக்குக் கேக்கேல்லை. இடது காது சுத்தமா இல்லை. வலதும் அரைவாசிதான். பந்து மட்டையில பட்டது. அந்தப் பெடியனுக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரியும்."

மக்கீன் நானா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லாட்டி ஒருத்தருக்கும் வெளங்கீக்காதே. ரெண்டு வருஷமா நாயாப் பேயா அலஞ்சீங்களே. இத ஏன் எனக்கிட்ட சொன்னீங்க?"

"எனக்கும் வெளங்கேல்லை, நானா. வீட்டில வாழைக்காய்க்கே நான் முடிவு சொல்றதில்லை."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மக்கீன் நானாவுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பேனாவைத் திறந்தார், மூடினார். எழுதியதை வெட்டுவதா விடுவதா என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாளை இரத்தினசிங்கத்தின் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

"என்னால ஏலா. இண்டக்கி அம்பயர் நீங்க. நீங்களே சொல்லுங்க, நான் என்ன எழுத?"

தங்கள் விருப்பம் என்ற சொல் வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்தது. இரத்தினசிங்கம் அதை விழுங்கினார். கோப்பையைக் கீழே வைத்தார். மருந்துக்கடைக் கோட்டின் பொத்தான்களைச் சரிபார்த்தார். நிமிர்ந்து, மக்கீன் நானாவை நேரே பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். பிறகு வலதுகைச் சுட்டுவிரலை மெல்ல, மிக மெல்ல, தோளுக்கு மேலே உயர்த்தினார்.