பார்த்துச் சொன்ன பிள்ளைகள்

1. எக்ஸ்டர்னல்

அந்தப் பள்ளியில் எனக்கு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்திருக்கவில்லை. என் சந்தேகம் அங்கிருந்துதான் தொடங்கியது.

நான் விழுப்புரத்தில் தாவரவியல் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளராக, பல பள்ளிகளுக்குப் போயிருக்கிறேன். போகிற இடத்தில் பிரியாணி வந்தால் மார்க் கேட்கப் போகிறார்கள் என்று சந்தேகப்படுவேன். திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போக வேண்டிய அந்த ஊரில் காலையில் யாரும் சாப்பாட்டுப் பேச்சே எடுக்கவில்லை. அப்படியானால் வேறு ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாடம் எடுத்தவர் அன்வர். கோட்டக்குப்பத்துக்காரர். பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த தற்காலிக ஆசிரியர்.

முதலில் வந்த மாணவி கோமதி. மேசையில் ஸ்பாட்டர்களை, அதாவது அடையாளம் சொல்ல வேண்டிய மாதிரிகளை, வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றைக் காட்டி என்னவென்று கேட்டேன்.

"பாத்துட்டுச் சொல்றேன் சார்."

அடுத்து வந்த பையனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள். மற்ற பள்ளிகளில் நான் விரலை நீட்டும்போதே பதில் வந்துவிடும். இங்கே எல்லோரும் நின்று யோசித்தார்கள். எங்கள் தொழிலில் 'பார்த்து எழுதினான்' என்றால் காப்பியடித்தான் என்றுதான் பொருள். எனக்கு அந்த ஒரு பொருள்தான் தெரியும்.

கோமதியைத் திரும்பக் கூப்பிட்டேன். "யாரைப் பாத்துச் சொல்வ?" என்றேன். அந்தப் பெண் மிரண்டு ஜன்னலோரம் நின்ற அன்வரைப் பார்த்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

டீ நேரத்தில் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். "உங்க பி.டி.ஏ. வாத்தியாரு ஜாடை காட்டறாரு. பசங்க அவரைப் பாத்துப் பாத்துச் சொல்றாங்க" என்றேன். அவர் விசாரிக்கவில்லை. "நமக்கு எதுக்கு சார் வம்பு. அடுத்த வருஷத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

2. வேலியோரச் செடி

என் சந்தேகத்தை நிரூபித்தே தீர வேண்டும் என்று மதியம் அன்வரை வெளியே அனுப்பிவிட்டேன். அலுவலக உதவியாளரிடம் வேலியோரத்தில் கிடைக்கும் ஏதாவது ஒரு செடியைப் பிடுங்கி வரச் சொன்னேன். பேய்மிரட்டிச் செடியோடு வந்தார். அது பாடத்தில் இல்லாதது. கோமதியிடம் கொடுத்தேன்.

தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டினாள். இலையைக் கசக்கி மோந்தாள். பூவை லென்ஸில் வைத்தாள். அவசரப்படவேயில்லை.

"பேரு தெரியாது சார். தண்டு நாலு பட்டையா இருக்கு, எல எதிரெதிரா இருக்கு, பூவுக்கு ஒதடு இருக்கு. தும்பைக்குச் சொந்தக்காரன் சார்."

இரண்டும் ஒரே குடும்பம்தான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

"அன்வர் சாரு. எத கேட்டாலும் மொதல்ல பொருளப் பாரு, அப்புறம் வாயத் தொறன்னு சொல்லிக்கினே இருப்பாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. இப்படி ஒரு வகுப்பை நான் என் பணிக்காலத்தில் நடத்தியதில்லை என்பதும் சேர்ந்து புரிந்தது. கோமதிக்கு முழு மதிப்பெண் போட்டேன். அதோடு கணக்கு நேராகிவிட்டதாக நினைத்தேன்.

மாலையில் தலைமையாசிரியர் என் எதிரிலேயே அன்வரை அழைத்து, நான் சொன்னதாகச் சொல்லியே, ஜூனிலிருந்து வர வேண்டாம் என்றார். அன்வர் என் பக்கம் திரும்பினார்.

"மத்தியானம் நீங்களே பாத்தீங்களே சார்?"

ஒரே வார்த்தையில் அவர் வேலையைக் காப்பாற்றியிருக்கலாம். காலையில் சொன்னதை மாலையில் மாற்றினால் என் மரியாதை என்னாவது என்று யோசித்தேன். "மார்க்கெல்லாம் போட்டுட்டேன்ல" என்று சொல்லிவிட்டு மதிப்பெண் உறைக்கு அரக்கு வைத்தேன்.

3. மல்லாட்டை

பல வருஷம் கழித்து, போன பட்டத்தில் என் நிலத்து மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், இலைகள் காய்ந்து சுருண்டன. ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே அலுவலராக உட்கார்ந்திருந்தவள் கோமதி. அவள்தான் என்னை அடையாளம் கண்டாள்.

"சார், எங்களுக்கு எக்ஸ்டர்னலா வந்தீங்க இல்ல? பாடத்துல இல்லாத செடியக் குடுத்தீங்க. நம்மாலயும் முடியும்னு எனக்கு அன்னிக்குத்தான் சார் தோணிச்சு."

குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தையே உற்றுப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. அன்வரைப் பற்றி மெல்லக் கேட்டேன். குவைத்தில் ஒரு கடையில் காய்கறிப் பிரிவில் இருக்கிறாராம். "பர்மனென்ட் வாத்தியாரு வர்றாருன்னு சொல்லிட்டுப் போனாரு சார். கடசீல யாருமே வரல. எங்களுக்குப் பின்னாடி படிச்ச பசங்கதான் பாவம், பேஜாராப் போச்சு" என்றாள்.

அப்படியானால் அவர் என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. தேர்வாளர்களைச் சந்தேகிக்க அந்தப் பிள்ளைகளுக்கு அவர் கற்றுக்கொடுக்கவில்லை.

அங்கேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த செடியை மேசைமேல் வைத்தாள். பிறகு என் செடிக்கான மருந்தை எழுதி, அதே தாளில் அன்வரின் எண்ணையும் எழுதினாள்.

"எங்கிட்ட சொன்னத அவருகிட்ட சொல்லுங்க சார்" என்றாள். அடுத்த விவசாயியைக் கூப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறையாக இருக்கும் என்று அன்று அழைத்தேன். பெயரைச் சொன்னதும், "சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். தலைமையாசிரியர் அறையில் நான் வாயை மூடிக்கொண்டதையும் சேர்த்தே சொன்னேன். நோய் வந்த செடியோடு போய்க் கோமதியிடம் எண் வாங்கியதையும் சொன்னேன்.

"கோமதி என்ன நோயின்னு சொன்னா சார்?"

"துரு நோய்."

"எலயோட அடிப்பக்கம் நல்லா படறமாதிரி தெளிக்கச் சொன்னாளா?"

தாளைப் பார்த்தேன். எழுதியிருந்தாள். அதைச் சொன்னேன்.

"அப்ப சரி" என்றார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எக்ஸ்டர்னலாகப் போகும் இளைய ஆசிரியர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் முதலில் சம்பந்தப்பட்டவரிடமே கேளுங்கள். தவறாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தால், அந்த ஊரிலிருந்து பஸ் ஏறுவதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.