முன்னோர் பந்தியில் ஒரு தவளை

கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் மலாக்காவின் காஜா பேராங்கில் கமலவேணிக்குத் தெரிந்த வழிகள் இரண்டுதான். ஒன்று கோயிலுக்குப் போகிற வழி. இன்னொன்று அதே வழியில் திரும்பி வருவது.

அவள் புக்கிட் ரம்பாய்ப் பெண். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் அவளை விட்டது. அவளும் அதை விட்டாள். வாக்கப்பட்ட இடம் மலாக்கா செட்டி வீடு. எத்தனையோ தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட ஜனம். கும்பிடுவது நம் சாமியை, உடுத்துவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். அந்த வீட்டில் யார் என்ன சொன்னாலும் அது மலாயில் சொன்னது. நாம் தமிழில் கேட்டுக்கொள்வோம்.

கணவன் நடராஜன் கப்பலில் இயந்திர அறைக்காரன். தாலி கட்டிய கையோடு கப்பலேறினான். வருடத்தில் சில வாரங்கள் வருவான். மிச்ச வாரங்களில் கமலவேணி அவனுடைய அம்மாவுக்குத்தான் மனைவி மாதிரி. மீனாச்சியை எல்லாரும் போல அவளும் ‘மாக்’ என்றே கூப்பிட்டாள். அம்மா என்று அர்த்தம்.

மாக் நல்லவர். சிக்கலே அதுதான். பொல்லாத மாமியாராக இருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடலாம். மாக் மீனின் நடுத்துண்டை மருமகள் தட்டில் வைப்பார். தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுவார். வாசற்படியில் அவள் கால் பட்டால் மட்டும் உள்ளேயிருந்து ஒரு “எங்கே?” வரும். அந்த “எங்கே?”வைத் தாண்ட யாராலும் முடியாது. நாடு சுதந்திரம் வாங்கிய வருடம் மாக் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தார். அன்றிலிருந்து கோயிலைத் தவிர அவரும் எங்கும் போனதில்லை. வந்த சுதந்திரம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றுவிட்டது என்று அவருடைய சின்ன மகன் சங்கரன் சொல்வான்.

சங்கரன் ஒரே பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் ஒரே முடிவைக் கண்டவன். பந்துத் திடலில் பொறுக்கிய தமிழில் கமலவேணியோடு பேசுவான். அதில் பாதி வசவு என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டு வருடத்தில் காதில் விழுந்த தமிழ் அது ஒன்றுதான் என்பதால் கமலவேணி திருத்தாமல் விட்டுவிட்டாள்.

அண்ணன் அவனுக்கு ஒரு ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் வாங்கி வந்திருந்தான். கறுப்பு நிறம், ரப்பர் பொத்தான், சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. டிவியில் சொருகி, கேசட் ஓடவிட்டால் ஆட்டம் ஏறும். ஏறும்போது ஒரு கூச்சல் போடும் பாருங்கள், தகரக் கூரையை ரம்பத்தால் அறுப்பதுபோல. கூச்சல் நின்றால் தவளை வரும். தவளை லாரிக்குத் தப்பிச் சாலையைக் கடந்து, ஆற்றில் மிதக்கும் கட்டைகளில் தாவி, அக்கரைக்குப் போகவேண்டும்.

மத்தியானம் மாக் கண்ணயரும் நேரத்தில், சங்கரன் பக்கத்தில் இருக்க, கமலவேணி அந்தத் தவளையை அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அவள் அளவுக்கு அந்தச் சந்தில் யாரும் சேர்த்ததில்லை.

எதிர்வீட்டுத் தியாகுவிடம் இருந்தது கமடோர், வேறொரு கம்பெனிக் கம்ப்யூட்டர். அதே தவளை, அதே ஆறு, ஆனால் வேறு யாரோ எழுதியது. சந்துப் பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்.

“உன் தவளை கட்டைல குதிச்சா கட்டை கலரா மாறிடுதுலா! அது தவளையா, பச்சோந்தியா?” என்பான் தியாகு.

“உன் தவளைக்குப் பாட்டு ஒண்ணு கேடு. ஏறி முடியறதுக்குள்ள நான் குளிச்சிட்டு வந்துருவேன்” என்பான் சங்கரன்.

கமலவேணி சன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். கமடோரை அவள் தொட்டதில்லை. எதிர்வீடு என்பது பத்தடி தூரம், அந்தப் பத்தடிக்கும் ஒரு “எங்கே?” உண்டு.

மார்கழிக் கடைசியில் சங்கரன் ஒரு சேதி கொண்டுவந்தான். பூங்கா ராயா கடைத்தெருவில் கம்ப்யூட்டர் விற்கிற கடை ஒன்று. வாங்க வருகிறவர்களுக்கு ஒரே ஆட்டத்தை இரண்டிலும் போட்டுக் காட்டி, எது எப்படி என்று சொல்ல ஆள் வேண்டுமாம்.

“கடை முதலாளி தவ்கேகிட்ட உங்களப் பத்திச் சொல்லிட்டேன் அண்ணி. பொங்கல் முடிஞ்ச மறுநாள் வரச் சொன்னாரு. ரெண்டுலயும் ஆடிக் காட்டணுமாம்.”

“ரெண்டாவதை நான் கண்ணாலகூடப் பாத்ததில்லையே தம்பி.”

“அதுக்கு நான் இருக்கேன்ல.”

“மாக்கிட்ட?”

“அதுக்கு நீங்கதான் இருக்கணும்” என்று சங்கரன் நழுவினான்.

அன்றிலிருந்து கமலவேணிக்கு அரிசி களைகையில்கூட அந்தக் கடைதான். தினமும் காலையில் பஸ் ஏறலாம். பஸ்ஸில் சன்னலோரம் உட்காரலாம். யாரும் “எங்கே?” என்று கேட்காத ஒரு நாற்காலி. முதலில் கமடோரைப் பழகிக்கொள்வோம், பிறகு மாக்கிடம் கேட்போம் என்று வைத்துக்கொண்டாள். மாக் மாட்டேன் என்றால் என்ன செய்வது என்பதை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டாள்.

தியாகு போகியன்று மட்டும், அதுவும் பொழுது சாயும்வரைதான் தருவதாக ஒப்புக்கொண்டான். இரவு செமாபோக்கிலிருந்து அவன் மாமன் மக்கள் வந்துவிடுவார்கள். ஆக, இருப்பது ஒரே நாள். அதுவும் எப்பேர்ப்பட்ட நாள்!

போகியன்று செட்டி வீடுகளில் பார்ச்சு வைப்பார்கள். செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல். கூடத்தில் வாழையிலை விரித்து, அவரவருக்குப் பிடித்ததைப் பரிமாறிக் கும்பிட்டுவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிடவேண்டும் அல்லவா? அந்த வீட்டில் கூடுதலாக ஒரு வழக்கம்: வெளியே வரும்போது பேசவும் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. கதவைத் திறப்பது வீட்டுக்குப் பெரியவள் சொன்ன பிறகுதான்.

டிவி இருந்ததும் அதே கூடத்தில்தான்.

ஒழிந்ததே சாயங்காலம்தான். பெண்கள் எல்லாம் அடுக்களையில் இருந்தபோது சங்கரன் கமடோரைக் கொண்டுவந்து இணைத்தான். கமலவேணி தேங்காய்த் துருவல் ஒட்டிய கையோடு ஓடிவந்து கேசட்டைத் தட்டிவிட்டாள். திரை வெறும் நீலமாகிச் சும்மா நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அவள் பழகியது கூச்சல் போடுகிற பெட்டி. கூச்சல் இல்லை என்றால் வேலை இல்லை. பொரிகிற எண்ணெயில் சத்தம் இல்லையென்றால் அடுப்பு அணைந்துவிட்டதாகத்தானே நினைப்போம்?

“ஓடலையே தம்பி” என்று திரும்பினாள். சங்கரனை யாரோ தண்ணீர் இறைக்கக் கூப்பிட்டுப் போயிருந்தார்கள். அடுக்களையிலிருந்து மீன் கருகும் வாசனை வந்தது. டிவியின் மேல் பூவேலைத் துணியை இழுத்து மூடிவிட்டு ஓடினாள்.

கமடோருக்கு மாட்டுவண்டி வேகம் என்பது அவள் காதில் விழுந்திருந்தது. ஆனால் கூச்சலே போடாமல் ஏற்றிக்கொண்டிருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

வெளிச்சம் மங்கும் நேரம் இலை போட்டார்கள். சாம்பிராணிப் புகையில் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. கமலவேணி மாமனார் தெய்வநாயகத்தின் படத்துக்கு முன்னால் கறுப்புக் காப்பியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, டிவி மேசைக்குப் பின்னால் கேசட்டின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாரும் கண்மூடிக் கும்பிடுகையில் மேசைக்குப் பின்னால் குனிந்தாள். நிறுத்தவா? நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. கமடோர் இன்னும் சற்று நேரத்தில் எதிர்வீட்டுக்குப் போய்விடும். நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தபடி யோசித்தாள்.

யோசித்து முடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

பூட்டவில்லை. இழுத்தால் திறக்கும். ஆனால் பந்தியில் இருக்கும் பெரியவர்களைப் பாதியில் எழுப்பிவிட்டவள் என்ற பெயரோடு அந்த வீட்டில் எப்படி வாழ்வது? அந்த வருடம் குழாய் உடைந்தாலும், கோழி செத்தாலும் கமலவேணிதான். வெளியே போக முடியாது. உள்ளே இருக்கவும் கூடாது. இரண்டு வருடமாக இருந்த நிலைமைதான். இப்போது இலை போட்டுப் பரிமாறியிருந்தார்கள், அவ்வளவே.

ஆட்டம் ஏறி முடிந்தால் பாட்டு வரும் என்று தியாகு பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. டிவியின் ஒலிக் குமிழைப் பிடித்தாள். குமிழில் கோடு அழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எந்தப் பக்கம் திருகினால் கூடும், எந்தப் பக்கம் குறையும்? சத்தம் வந்தால் தெரியும். சத்தம்தான் இல்லையே. முருகா என்று ஒரு பக்கம் கடைசிவரை திருகினாள்.

முருகனுக்கு அன்று வேறு வேலை இருந்திருக்க வேண்டும். பாட்டு கிளம்பியபோது தட்டில் கிடந்த கரண்டிகள் குதித்தன.

பாய்ந்து மறுபக்கம் திருகினாள். கதவுக்கு வெளியே கல் விழுந்த குளம்போல ஒரு சலசலப்பு.

“கேட்டியா மீனாச்சி? உள்ள யாரோ பாடறாங்க!” அது மாமனாரின் அக்கா அன்னம்மா. ஊர்க் குறையெல்லாம் அவர் கண்ணில்தான் முதலில் படும்.

“கேட்டுச்சு.”

“உன் மருமக எங்க? இங்க காணோமே?”

கமலவேணி கதவில் காதை வைத்தாள்.

“இங்கதான் எங்கயாவது இருப்பா” என்றார் மாக். “யாரும் கதவத் தொடக்கூடாது. அவங்க சாப்பிடட்டும்.”

இனி என்ன ஆனாலும் கதவு திறக்கிறபோதுதான். கமலவேணி பூவேலைத் துணியைத் தூக்கினாள். திரையில் பச்சைத் தவளை அவளுக்காகக் காத்திருந்தது.

“மாமா, ஒரே ஒரு ஆட்டம்” என்று படத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாத மனிதர், மறுக்கவில்லை.

இலைகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து ஆடினாள். இந்தத் தவளை கட்டையில் ஏறினாலும் பச்சையாகவே இருந்தது. லாரிகள் வழுக்கிக்கொண்டு போயின. ஆனால் பொத்தானை அமுக்கினால் ஒரு கணம் யோசித்துத்தான் தாவியது. ஸ்பெக்ட்ரத்தில் விரலும் தவளையும் ஒன்று. ஸ்பெக்ட்ரத்தில் கட்டை திரை ஓரத்துக்குப் போனால் தவளை சாவு. இதில் கட்டையோடு வெளியே போன தவளை காணாமல் போய், மறு ஓரத்திலிருந்து ஒன்றுமே நடக்காததுபோல மிதந்து வந்தது. கமலவேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையைக் கடித்துக்கொண்டாள். வேண்டுமென்றே திரும்பத் திரும்ப அதை வெளியே அனுப்பி வைத்தாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இரண்டு வருடத்தில் ஓர் அறையில் அவள் தனியாக இருப்பது இதுதான் முதல் முறை. படுப்பதுகூட மாக்கின் பக்கத்தில்தான்.

“ஊதுபத்தி எரிஞ்சே போச்சு. இன்னும் என்ன?” என்று அன்னம்மா வெளியே முணுமுணுத்தார்.

“பசிச்சா நீங்க போய்ச் சாப்பிடுங்க. அவங்க இன்னும் முடிக்கல.”

கதவு திறந்தபோது அவளால் எழுந்திருக்கக்கூட முடியவில்லை, கால் மரத்திருந்தது.

“ஐயோ! பெரியவங்க பந்தியில இவ உட்காந்திருக்காளே!” அன்னம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். “அதுவும் விளையாடிக்கிட்டு!”

மாக் விளக்கைத் தூண்டிவிட்டு வந்து அவளெதிரே நின்றார். “உள்ள யாராவது உன்னை எழுந்து போன்னு சொன்னாங்களா?”

“இல்ல மாக்.”

“அப்புறம் நாம ஏன் கத்தணும்?” என்றார் அன்னம்மாவிடம்.

அத்தோடு போயிருக்கும். சங்கரன்தான் உதவி செய்வதாக நினைத்து உள்ளே புகுந்தான். “அண்ணி சும்மா விளையாடல மாக். கடை வேலைக்குப் பழகறாங்க. நாளன்னிக்கு தவ்கேயப் பாக்கணும்.”

மாக்கின் முகம் கதவைப்போலச் சாத்திக்கொண்டது.

“எந்தக் கடை?”

கமலவேணி சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது.

“கடை எல்லாம் வேணாம்” என்றார் மாக். “நடராஜன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்? இலையை எடு.”

அவள் இலையை எடுத்தாள். ஒன்று, இரண்டு என்று மடித்துக்கொண்டே போனவள், மாமனாரின் இலைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

“மாக், இப்ப உள்ள தனியா இருந்தேன். பயந்துகிட்டுதான் இருந்தேன். ஆனா கதவு தொறக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.” மலாயில் அவ்வளவு நீளமாக அவள் பேசியதே இல்லை. “எனக்கு அந்த மாதிரி வேண்டிக்கப் பிடிக்கல.”

பொங்கல் பொங்கியது, உறவு வந்தது, போனது. மாக் வாயைத் திறந்ததெல்லாம் சர்க்கரை போதுமா என்று கேட்கத்தான்.

மறுநாள் காலை கமலவேணி துணி துவைக்க உட்கார்ந்தபோது, வாசலில் மாக் நின்றுகொண்டிருந்தார். நல்ல கெபாயா, ஊசிகள் குத்தி, கையில் பை.

“எங்கே மாக்?” கேட்ட பிறகுதான் கேட்டது என்னவென்று அவளுக்குப் புரிந்தது.

“நீ போற இடத்துக்குத்தான். தனியா அனுப்ப மாட்டேன். சேலை மாத்திக்க, சீக்கிரம்.”

சன்னலோர இருக்கையில் மாக்தான் உட்கார்ந்தார்.

தவ்கே இரண்டு பெட்டிகளையும் ஓடவிட்டார். மகனோடு வந்த ஒரு தகப்பனிடம் கமலவேணி விளக்கினாள்: “இதுல பாட்டும் கலரும் நல்லாருக்கும், கொஞ்சம் பொறுமை வேணும். அது பாக்கச் சுமார்தான், ஆனா சொன்ன பேச்சை உடனே கேக்கும்.” தகப்பன் மகனை ஒரு முறை ஏறஇறங்கப் பார்த்துவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்பதையே வாங்கிக்கொண்டு போனார். தவ்கே தலையாட்டினார். நாளையிலிருந்து வரலாம்.

நாளையிலிருந்து மாக்கும் வருவார். அதற்கும் தவ்கே தலையாட்டவேண்டியிருந்தது. மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி அவருக்கென்று ஒதுக்கப்பட்டது. கமலவேணி கொட்டாவி விட்டாலும் இரண்டு கண்கள் பார்த்தன. பெரிய அறையிலிருந்து வேறொரு பெரிய அறைக்கு மாறியிருக்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வேலைக்கு வந்த முதல் நாள் மாலை தவ்கே இரும்புக் கதவைப் பாதி இறக்கினார். கமலவேணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். மாக் எழுந்திருக்கவில்லை. கதவுக்கு அடியில் தெரிந்த தெருவில் முழங்கால்கள் போவதும் வருவதுமாக இருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசி பஸ் போயிடும் மாக்.”

“போகட்டும், நடக்கலாம்” என்றார் மாக். “இன்னும் கொஞ்ச நேரம் இரு.”