ஆமைக்கு வெயில் அளக்கிறவள்

ஆமை காய்கிற வெயில் சரியான சூடுதானா என்று பார்த்துக் கொப்பியில் எழுதுவதற்கும் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அந்த ஆள் நான்தான். ஸ்காபரோவில் ஒரு சின்னப் பிராணிக் கடை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலிஷ் அரைகுறை, ஆட்களோடு கதைக்கவும் கூச்சம். ஆமை கதைக்காது என்ற தைரியத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். தெரியாததைக் கேட்க வாய் வராமல் வேலையிடத்தில் முழுசிக்கொண்டு நின்றவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இது உங்களுக்காகத்தான்.

விளங்கினதோ?

கடைக்காரர் சிவா அண்ணை முதல் நாள் என் கையில் துவக்கு மாதிரி ஒரு சாமானைத் தந்தார். விசையை அமத்தினால் சிவப்புப் புள்ளி விழும், புள்ளி விழுந்த இடத்தின் சூடு இலக்கத்தில் வரும். "ஆமைக்குச் சொந்தமாச் சூடு இல்லைத் தங்கச்சி. விளக்குக்குக் கீழ இருக்கிற கல்லு முப்பத்தஞ்சு டிகிரி நிக்கோணும். குறைஞ்சால் திண்டது செமிக்காது, கூடினால் ஆமை அவிஞ்சு போம். விளங்கினதோ?" என்றார். "ஓம்" என்றேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்றார். அதற்கும் "ஓம்."

காசு மெஷினடியில் நின்ற றோஷினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இங்கேயே பிறந்த பிள்ளை, படித்துக்கொண்டு வேலை செய்கிறாள். "அக்கா, யூ கான் ஆஸ்க் கொஸ்சன்ஸ், ஓகே? சிவா அண்ணை கடிக்க மாட்டார். அந்தக் கடைசித் தொட்டியில இருக்கிற ஓணான்தான் கடிக்கும்."

பிறம்ரன் தம்பதி

ஒரு நாள் பிறம்ரனில் இருந்து புருசனும் பெண்சாதியுமாய் ஒரு தமிழ்ச் சோடி வந்தது. அவருக்கு ஆமைக் குஞ்சு வேணும், அவவுக்கு வேண்டாம். "ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு தெரியாதே உங்களுக்கு?" என்று அவ மெல்லிய குரலில் பொரிந்துகொண்டிருந்தா. அவர் என் பக்கம் திரும்பி, "எவ்வளவு சூடு வேணும் பிள்ளை இதுக்கு?" என்று கேட்டார். எனக்கு விடை தெரிந்த ஒரே ஒரு கேள்வி. அது தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. நான் சிவப்புப் புள்ளியைக் கல்லில் அடித்து, இலக்கத்தை அவருக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு நிலத்தைப் பார்த்தேன். நான் ஊமை என்று நினைத்திருப்பார், பாவம். அதற்குப் பிறகு கையால் சைகை காட்டித்தான் விலை கேட்டார்.

கடைசியில் ஆமையை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பெண்சாதிக்குச் சொன்னார்: "நாங்கள் வாடகைக்கு இருக்கிறது பேஸ்மென்ற். வீடு வீட்டுக்காரன்ரை. அவன் யோசிக்கட்டும்."

ராசா வந்தான்

மூன்றாம் மாதம் முடிய இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, யூனியன்வில்லில் இருந்து ஒரு அங்கிள் தன் ஆமையைக் கொண்டுவந்து விட்டார். பதினெட்டு வருசமாக வளர்க்கிறாராம். பெயர் ராசா. இரண்டு கிழமை ஊருக்குப் போய் வரும்வரை நாங்கள் பார்க்கவேணும். மூலையில் இருந்த பெரிய கண்ணாடித் தொட்டியில் ராசாவை விட்டோம். மற்றத் தொட்டிகள் மேலே திறந்தபடி இருக்கும், அதற்கு மட்டும் முன்னால் கண்ணாடிக் கதவு.

அங்கிள் வாசல்வரை போனார், திரும்பி வந்தார், பிறகும் போனார், பிறகும் வந்தார். என்னிடம் சொன்னார்: "என்ரை பிள்ளையளை டேகெயரில விடேக்கை கூட நான் உப்பிடித் திரும்பித் திரும்பிப் பாக்கேல்லை."

கூச்சக்காரன்

அடுத்த நாள் காலை சூடு பார்க்கக் கதவைத் திறந்தேன். ராசா தலையை உள்ளே இழுத்து "ஸ்ஸ்" என்று சீறினான். நான் "சொறி" சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். ஆமையிடம் மன்னிப்புக் கேட்டதை மட்டும் நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அன்றிலிருந்து வெளியில் நின்று கண்ணாடி ஊடாகவே புள்ளியைக் கல்லில் அடித்தேன். இருபத்தைந்து காட்டியது. குளிர்கிறதே என்று விளக்குத் தொங்குகிற சங்கிலியில் ஒரு வளையம் இறக்கினேன். அடுத்த நாள் இருபத்தாறு. இன்னும் இரண்டு வளையம். அண்ணை திங்கட்கிழமைகளில்தான் கொப்பி பார்ப்பார், அதற்குள் முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை என்பது என் கணக்கு.

ராசா கல்லில் ஏறவே இல்லை. தூரத்து மூலையில் மரப்பட்டைக்குக் கீழே முகத்தைச் செருகிக்கொண்டு கிடந்தான். போட்ட கீரையும் வாடிப்போய் அப்படியே கிடந்தது. புது இடம், கூச்சமாக்கும் என்று நினைத்தேன். அந்தப் பிராணியில் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. கூச்சக்காரரை ஆட்கள் உற்றுப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒருவரையும் கிட்டப் போக விடாமல், தொட்டியின் முன்பக்கத்தில் பாதிக்கு ஒரு துணி வேறு கட்டிவிட்டேன்.

றோஷினி துணியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "அக்கா, ஹீ இஸ் ஜஸ்ற் லைக் யூ."

ஞாயிற்றுக்கிழமைத் தோசை

சனிக்கிழமை சூடு அளக்கிற சாமானை ஏப்ரன் பொக்கற்றில் மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த நாள் காலை தோசை சுடும்போது என் ஆறு வயது மகளின் கையில் அது அகப்பட்டது. பிறிட்ஜ் கதவு, தம்பியின் நெற்றி, என் முதுகு என்று எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்தாள். கல்லில் ஒரு தோசை, மேலே கண்ணாடி மூடி. "அம்மா, தோசை அறுபது" என்றாள். நான் மூடியைத் தூக்கினேன். பிறகும் அடித்தாள். கல்லின் கரை நூற்றித் தொண்ணூறு.

நான் மூடியை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். தோசை கருகியது. மூடி இருந்தால் அந்தச் சாமான் கல்லைப் பார்ப்பதே இல்லை, மூடியைத்தான் பார்க்கிறது. ராசாவின் தொட்டியில் நான்கு நாளாக நான் அளந்தது முன் கண்ணாடியை. வளையம் வளையமாக இறக்கியது விளக்கை. மகள் சொன்னாள்: "த கிளாஸ் பொய் சொல்லுது அம்மா."

ஒரே மூச்சில்

எனக்கு ரெலிபோன் என்றால் வேப்பங்காய். ஆனாலும் அண்ணைக்கு அடித்தேன். அவர் றிச்மண்ட் ஹில் கோயிலில் நின்றார். பின்னால் மேளம். கண்ணாடி, சங்கிலி, தோசை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் "கடையடிக்கு வாறன்" என்றார். நானும் பிள்ளைகளைப் புருசனிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் ஓடினேன்.

கதவைத் திறந்து அளந்தால் கல்லு ஐம்பத்தெட்டு. அண்ணை விளக்கை உயர்த்தினார். நான் ராசாவைத் தூக்கி இளஞ்சூட்டுத் தண்ணீரில் விட்டேன். சீறினான், சீறட்டும். ஓட்டில் காயம் இல்லை, ஒளித்துக் கிடந்ததால்தான் தப்பினான். கழுத்தை நீட்டித் தண்ணீர் குடிக்கத் தொடங்கினான், நெடுநேரம் குடித்தான். வேலை போனது என்று நினைத்து ஏப்ரனைக் கழற்றி மடித்தேன். அண்ணை அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூண்டு மாதமா நீங்கள் கதைச்சது முழுக்கச் சேத்தாலும் இண்டைக்குப் போனில கதைச்சதின்ரை பாதி வராது தங்கச்சி. ஏப்ரனைப் போடுங்கோ. ஆனால் அங்கிளுக்கு நீங்கள்தான் சொல்லோணும்."

அங்கிளுக்குச் சொன்னது

அங்கிள் வந்த நாள் ராசா கல்லில் கால் நீட்டிக் கிடந்தான், முப்பத்தைந்தில். இதைக் காட்டிவிட்டுப் பேசாமல் விட்டிருக்கலாம், அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் சொன்னேன், அவரின் சேட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் விடாமல். அங்கிள் குனிந்து, றோஷினியின் காதில் விழாமல் கேட்டார்: "அப்ப பிள்ளை, கண்ணாடிக்கு வெளியால நிண்டு அளக்கக் கூடாதே? நான் இவ்வளவு காலமும் அப்பிடித்தானே அளக்கிறனான்."

வேலை நிரந்தரமாகிவிட்டது, கொப்பியும் சரியாக இருக்கிறது, ஆனால் கடைப் போன் அடித்தால் மட்டும் இன்றைக்கும் எனக்கு ஏதோ ஒரு தொட்டியில் அவசரமாக ஒரு வேலை வந்துவிடுகிறது.