பாலைவனத்தைக் கூட்டிய கதை

தொண்ணூறுகளின் நடுவில், லொங்குய் என்ற குளிர்நாட்டு ஊரில் ஒரு சின்ன விலங்குக் காட்சியகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வெளியே பனி கொட்டும். உள்ளே மணலும் வெயில்போலச் சூடுதரும் ஹீற் லாம்பும் வைத்து, கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு பாலைவனம் செய்திருந்தார்கள். அதில் பாலைநிலத்துக் காட்டு முயல்கள் மூன்று. என்னை வேலையில் நிரந்தரமாக்குவதா என்று பார்க்கும் புரொபேஷன் காலம் முடியும்வரை அவை என் பொறுப்பு.

முதல் நாள் உள்ளே போனால் காய்ந்த பற்றைச் செடிகள், முறிந்த கொப்பு, மணலெல்லாம் குழி. விடிந்தும் முற்றம் கூட்டாத வீட்டை எங்கள் ஆட்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியும்தானே. பற்றைகளை அள்ளி வெளியே குப்பைத்தொட்டியில் போட்டேன். குழிகளை நிரவினேன். சாணளவு கள்ளி மட்டும் முள் குத்தியதால் தப்பியது. தும்புத்தடியால் வரிவரியாகக் கூட்டிவிட்டு, என் கைவண்ணத்தை ரசித்தபடி கோப்பி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது இரண்டு முயல்கள் சுவரோரம் ஒடுங்கியிருந்தன. மூன்றாவது நடுமணலில் நீட்டிக் கிடந்தது. காது நரம்புகள் சிவந்து புடைத்திருந்தன. மூச்சு படபடவென்று ஓடியது. தண்ணீர்க் கோப்பையைக் கிட்ட வைத்தேன். திரும்பியும் பார்க்கவில்லை.

பக்கத்துக் கூட்டில் ஓணான்களைப் பராமரிக்கும் மன்னார்க்காரர் சேவியர் அண்ணையைக் கூப்பிட்டேன்.

"அண்ணை, ஓடி வாங்கோ! முயல் சாகப்போகுது!"

"பற்றையெல்லாம் எங்கையடா?"

"கூட்டிப்போட்டன்."

"பாலைவனத்தைக் கூட்டினியோ? ஒரு கோலமும் போட்டிருக்கலாமே! நிழல் இல்லாமல் அது எங்கை போய்ப் படுக்கும்? ஓடு, எடுத்துக்கொண்டு வா!"

அவர் லாம்பை அணைத்தார். நான் கோட்டுக்கூடப் போடாமல் பனிக்குள் ஓடி, குப்பைத்தொட்டிக்குள் தலைகீழாக இறங்கினேன். பற்றைகளை உதறிக் கொண்டுவந்து வைக்கும்போது நாங்கள் 'மடம்' என்று கூப்பிடும் மேலாளர் அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்றார். வேலை போயிற்று என்று நினைத்தேன். ஆனாலும் அந்த முயல் எழும்புகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கனநேரம் கழித்து அது மெல்ல ஊர்ந்து பற்றைக்குக் கீழே போனது. மேல்மணலைப் பறித்து, அடியில் இருந்த குளிர்ந்த மணலில் வயிற்றை அழுத்திப் படுத்தது. நான் நிரவிய குழிகளின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. பின்னேரம் வெளியே வந்து கள்ளியைக் கடித்தது. முயலுக்கு வேண்டிய ஈரம் அந்தக் கள்ளியிலேயே இருந்தது.

மடம் கேட்டார்: "நாளைக்கு உள்ளே போய் என்ன செய்வாய்?"

"ஒண்டும் செய்யமாட்டன், மடம்."

"அப்படியென்றால் நாளைக்கும் வா."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கூட்டுக்குள் எது குப்பை என்று முடிவெடுக்கமுன், அங்கே குடியிருப்பவர் எதன் கீழே படுக்கிறார் என்று ஒரு பகல் முழுக்கப் பாருங்கள்.