பன்னிரண்டு அறைப் பெட்டி

எங்கள் காரைக்காலில் கெட்டியான அட்டைப்பெட்டி வேண்டுமென்றால் பிராந்திக் கடைக்குத்தான் போக வேண்டும். மளிகைக் கடைப் பெட்டி ஈரக்காற்று பட்டாலே தொளதொளத்துவிடும். பிராந்திப் பெட்டி அப்படியில்லை. உள்ளே பாட்டிலுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அறை வேறு. ஊரில் பாதிப் பேர் வீடு மாறுவது அதை வைத்துத்தான். ஆனால் கும்பகோணத்துச் சம்பந்தி வீட்டுக்கு அதில் சாமியை அனுப்பலாமா?

மகளுக்குக் கல்யாணமாகி முதல் நவராத்திரி. தலை கொலுவுக்குத் தசாவதார செட் நாங்கள்தான் கொடுக்க வேண்டும். சாண் உயர மண் பொம்மைகள், பத்து. முன்பு ஆடிச் சீருக்கு வாங்கிய பீங்கான் ஜாடியை என் கணவர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார், வழியில் தூங்கிவிட்டார். அன்று சம்பந்தியம்மா ஃபோனில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "ஜாடி வந்துச்சுங்க. மூணா வந்துச்சு." மகள் அந்த வீட்டில் ஒரு வாரம் தலை நிமிரவில்லையாம். இந்த முறை ஒரு மூக்கு உடைந்தாலும் என் மானம் போய்விடும். அதனால் பார்சலை நம்புவது, கணவரை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

கடைக்கு நானே போனேன். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்ததும் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். அதுதான் எரிச்சலாக இருந்தது.

"என்னம்மா வேணும்?" என்றார் கடைக்காரர்.

"காலிப் பெட்டி. காலி!" என்று கத்தினேன். பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்க வேண்டுமே.

வீட்டில் பெட்டியின் ஒட்டலைப் பிரித்து, அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி ஒட்டினேன். சாமியை வைப்பதற்கு முன் ஒரு சோதனை. பொரித்த அப்பளம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி ஓர் அறையில் வைத்து, பெட்டியைக் கட்டிலிலிருந்து கீழே போடக் கணவரிடம் சொன்னேன். அப்பளம் பிழைத்தது. கணவர் உடனே அதைத் தின்றார்.

பிறகு அறைக்கு ஓர் அவதாரம். மடியில் இரணியனோடு இருந்த நரசிம்மர் மட்டும் அடங்கவில்லை. நடுத்தடுப்பை வெட்டி அவருக்கு இரண்டு அறை கொடுத்தேன். மிச்சமிருந்த அறையில் பழைய துணியைத் திணித்தேன்.

பார்சல் ஆபீஸில் இருந்தவர் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார். சத்தமே வரவில்லை. அதனாலேயே அவருக்குச் சந்தேகம். சரக்கு மலிவான நம் ஊரிலிருந்து தமிழ்நாட்டு எல்லை தாண்டும் பெட்டி ஆயிற்றே.

"உள்ள என்னம்மா?"

"பெருமாள்."

"எத்தனை?"

"பத்து."

பெட்டியை இன்னொரு முறை குலுக்கிப் பார்த்துவிட்டு ரசீது போட்டார்.

மூன்றாம் நாள் ஃபோன். சம்பந்தியம்மாதான்.

"பத்தும் முழுசா வந்துச்சுங்க. ஒரு விரல்கூட போகல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பெட்டியில உள்பக்கம் எழுதியிருந்ததையும் படிச்சேன்."

அழுகை நின்றுவிட்டது.

"நீங்க தப்பா நெனைக்கலன்னா..." குரலைத் தாழ்த்தினார். "எங்க பழைய பொம்மைக்கும் இதே மாதிரி நாலு பெட்டி வேணும். சின்னப் பொம்மைக்கு ஆஃப் பாட்டில் பெட்டி ஒண்ணு. அதுல இருபத்துநாலு அறை இருக்கும்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பெண் கொடுத்த இடம். மறுநாள் கடை திறக்கும் முன்பே, வரிசையில் முதல் ஆளாக நின்றேன்.