பாதி கேட்ட பேய்க்கதை

என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்கும்போதெல்லாம் நான் அவருக்கு ஒரு பேய் நாவலைப் படித்துக் காட்டுவேன். பஸ் ஸ்டாண்ட் கடையில் அவரே ஆசைப்பட்டு வாங்கியது. கையில் ஊசி இருப்பதால் புத்தகத்தைப் பிடிக்க முடியாது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு மெதுவாகப் படிப்பேன். கதையில் ஒரு பழைய வீடு. கிணற்றில் விழுந்து செத்த பெண் சாயங்காலமானால் அடுப்படியில் வந்து நிற்பாள். யாரையும் ஒன்றும் செய்ய மாட்டாள். புதிதாகக் குடிவந்தவர்தான் நடுங்குவார்.

"அவ இன்னா பண்ணா பாவம்? சும்மா நின்னுகினுதானே கீறா," என்பார் இவர்.

கதை முடியுமுன் அவர் போய்விட்டார். மீதியை நான் தொடவில்லை. எனக்கு மட்டும் முடிவு தெரிவது சரியாகப் படவில்லை.

அந்த நாவல் படமாக வந்தது. நான் வேலை பார்க்கும் ஒரகடம் கம்பெனியில் எங்கள் லைன் முழுக்க அதே பேச்சு. பெண்கள் கூட்டமாக டிக்கெட் போட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. சாவு விழுந்த வீட்டுக்காரியைப் பேய்ப்படத்துக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கியிருப்பார்கள். எனக்கோ ஊரோடு உட்கார்ந்து முடிவைப் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றியது. வார லீவில் மதியக் காட்சிக்குத் தனியாகப் போனேன்.

திரையில் அடுப்படி இருண்டதுமே, "டேய், வர்றாடா!" என்று ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது தியேட்டரே அலறியது. அலறிய வெட்கத்தில் உடனே சிரித்தது. பக்கத்து சீட்டிலிருந்த பெண் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்திவிட்டு, தான் மட்டும் விடாமல் பார்த்தாள். எனக்குப் பயமே வரவில்லை. படத்தில் அவள் கதவை உடைத்தாள், ஆட்களைத் தூக்கி எறிந்தாள். தெரிந்தவளைப் பற்றி யாரோ இல்லாததும் பொல்லாததும் சொல்வதுபோல இருந்தது. கடைசியில் ஒரு மந்திரவாதி அவளைப் புளியமரத்தில் ஆணியடித்துக் கட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

"புக்ல இப்படி கிடையாது. கெடுத்து வெச்சிருக்காங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினேன். கல்லூரிப் பெண், மடியில் பையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"புக்ல எப்படிம்மா முடியும்?"

"நீங்க படிச்சீங்களா ஆன்ட்டி?"

"பாதிதான்."

"குடிவந்தவரு பயந்துபோய் வூட்டைக் காலி பண்ணிடுவாரு. அந்தப் பேயம்மா மட்டும் அங்கயே நிப்பாங்க. அடுப்புகூட எரியாது. அவ்ளோதான்."

விளக்கைப் போட்டுவிட்டார்கள். நல்லவேளை, இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டி வரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டிருந்தால், "எழுதினவனுக்கு மனசே கிடையாது" என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்திருப்பார். அந்தத் திட்டு காதில் விழுந்ததுபோல் இருந்தது. அழுகையை அடக்க முடியவில்லை.

அந்தப் பெண் பதறி எழுந்து வந்தாள். "ஆன்ட்டி, பயந்துட்டீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அதைச் சொல்வதுதான் சுலபமாக இருந்தது. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். வெளியே ஷேர் ஆட்டோ வரும்வரை கூடவே நின்றாள். "இந்த மாதிரி படத்துக்கெல்லாம் தனியா வராதீங்க," என்று சொல்லி ஏற்றிவிட்டு, தண்டலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மறுநாள் கேன்டீனில் நானும் படம் பார்த்ததைச் சொன்னேன்.

"சொல்லியிருந்தா ஒண்ணா போயிருக்கலாமேக்கா! நீங்க கத்துனீங்களா?"

"நீங்க?" என்றேன்.

யார் யாரைக் கட்டிப் பிடித்தது, யார் செருப்பை விட்டுவிட்டு ஓடியது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருத்தி கண்ணை மேலே சொருகிப் பேய் மாதிரி நடித்துக் காட்டினாள். நானும் சிரித்தேன். அடுத்த பேய்ப்படத்துக்குக் கட்டாயம் கூப்பிடுகிறோம் என்றார்கள். சொன்னபடியே கூப்பிட்டார்கள். ஓவர்டைம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.