பாறையில் கட்டிய எர்த்து

செஞ்சியில் கடப்பாரை பிடித்தவர்களுக்குத் தெரியும், எங்கே தோண்டினாலும் இரண்டு முழத்தில் ணங்கென்று பாறை தட்டும். அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டுக்கு ரேடியோ மாட்ட வந்த கடைக்காரர் தோண்டவே இல்லை. மாடியில் இரண்டு மூங்கிலை நட்டு, நடுவே ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டினார். இடி இறங்கினால் அது பெட்டிக்குள் போகாமல் தரைக்குள் போக எர்த்து என்று இன்னொரு கம்பி வேண்டும். கொல்லையில் இருந்த குண்டுப் பாறையின் வெடிப்பில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, அதில் எர்த்தைச் சுற்றிவிட்டார்.

"மலையே பூமியிலதான் நிக்குது, இத்தவிட இன்னா எர்த்து வேணும்?" என்றார். எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. தெருவில் ரேடியோ இருந்த வீடுகளுக்கெல்லாம் அவர் இப்படியே கட்டியிருந்தார்.

அது அறுபத்தைந்தாம் வருடம். எல்லையில் சண்டை. என் கணவர் பட்டாளத்தில் இருந்தார், கடுதாசி வருவது நின்றுபோயிருந்தது. ரேடியோ அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எந்தப் பக்கம் சண்டை என்று கேட்ட பிறகுதான் எனக்கும் அத்தைக்கும், அதாவது என் மாமியாருக்கும், சோறு இறங்கியது. சுற்றிலும் மலை நிற்கிற ஊர். ஏரியல் இல்லாவிட்டால் பெட்டி கொர்ரென்று இரையும், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சாயங்கால மழையில் தெருக்கோடி மல்லாட்டைக் கடலை வியாபாரி வீட்டு ஏரியலில் இடி இறங்கியது. ஆட்கள் தப்பித்தார்கள். சுவர் பிளந்து, ரேடியோ கரிக்கட்டையாகிவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்த அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தக் கம்பிய அவுத்துப் போடு. இடிய வா வான்னு கூப்புடுது. எம் புள்ள திரும்பி வரசொல்ல வீடு இருக்கணும்டி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்குப் பிள்ளை என்றால் எனக்கு யாராம்? "அவுக்க மாட்டேன் அத்தை. அங்கயும் பாறையிலதான் எர்த்து கட்டியிருக்காங்க. அதுதான் தப்பு, நான் சரி பண்றேன்" என்றேன். வீம்பில் சொல்லிவிட்டேனே தவிர எப்படிச் சரி செய்வது என்று தெரியாது.

எர்த்து நன்றாக இருந்தால் ஸ்டேஷன் தெளிவாக எடுக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வானம் வெளுத்திருந்த ஒரு காலையில் ரேடியோவைப் பாடவிட்டு, பாறையிலிருந்து எர்த்துக் கம்பியை உருவினேன். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியென்றால் இத்தனை நாள் அந்தப் பாறை சும்மாதான் உட்கார்ந்திருந்தது. கம்பியை நீட்டி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாழை நின்ற சேற்றில் செருகினேன். இரைச்சல் அடங்கி, பாடுகிறவரின் குரல் பளிச்சென்று வந்தது. நான் தேட வேண்டியது ஈரத்தை என்று அப்போதுதான் விளங்கியது.

நேரே கடைக்குப் போனேன். குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஈரம் நிற்கும் என்றார் கடைக்காரர். எல்லாம் தெரிந்திருக்கிறது மனிதருக்கு, தோண்டத்தான் சோம்பல்! கடை என்றும் பாராமல் நாலு வார்த்தை கேட்டேன். மறுநாளே வந்து, இடி நேரத்தில் ஏரியலைப் பெட்டியிலிருந்து விலக்கி நேரே எர்த்தோடு சேர்க்கிற கைப்பிடி சுவிட்சை ஜன்னலுக்கு வெளியே பொருத்திவிட்டுப் போனார்.

வாழையடியில் நானே தோண்டினேன். அங்கே மட்டும் பாறை வழிவிட்டது, இடுப்பளவுக்கு இறங்க முடிந்தது. பழைய பம்புக் குழாயை நிறுத்தி, அதில் எர்த்துக் கம்பியைச் சுற்றிக் கட்டி, அடுப்புக் கரியைக் கொட்டினேன். உப்புக்குப் போனால் அத்தை ஜாடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மண்ணுல உப்பக் கொட்னா வீட்டுக்கு ஆவாது. வாழையும் பட்டுப்போவும்." சரி, போகட்டும் என்று கரியோடு மூடி, தினமும் துவைத்த தண்ணீரை அங்கேயே ஊற்றினேன்.

ஒருநாள் பிற்பகல் ராஜகிரி மலை மேல் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடிக்கு முன்பே பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு உள்ளறையில் போய் உட்கார்ந்தேன். அத்தை என்னைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மின்னலும் இடியும் ஒன்றாக விழுந்தன. பல்பு வெடித்துச் சிதறியது. அத்தை என் கையைப் பிடித்தார், மழை விடும்வரை விடவில்லை.

வெளியே வந்தால் கொல்லைத் தென்னை உச்சி முதல் பிளந்து புகைந்துகொண்டிருந்தது. மாடியில் ஒரு மூங்கில் சிம்பு சிம்பாகக் கிடந்தது. சுவிட்ச் கருகியிருந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை. ஆனால் பெட்டி பிழைத்ததா என்று பார்க்கக் கரண்ட் இல்லை.

மறுநாள் மூங்கிலை மாற்றிக் கம்பிகளை மறுபடி கட்டி முடித்தபோது கரண்ட் வந்தது. பிளக்கைச் செருகினேன். வால்வு சூடேறும்வரை இருவரும் பெட்டியருகே குனிந்து நின்றோம். மெல்ல ஒரு குரல் வந்தது. நெற்பயிருக்கு எரு போடுவதைப் பற்றி யாரோ நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு அத்தை தேம்பித் தேம்பி அழுதார்.

பிறகு எழுந்து உள்ளே போனார். உப்பு ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, வாழையடியில் அப்படியே கவிழ்த்தார்.

"வாழ போனாப் போவுது. தண்ணி மொண்டு ஊத்துடி" என்றார்.

என் கணவர் நல்லபடியாகத் திரும்பி வந்த அன்று, விருந்துக்கு இலை இல்லை. அத்தையே பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு தலைவாழை இலை கேட்டு வாங்கி வந்தார்.